ஊர் உப்பு இறங்கிய வயல்

அம்சத்தின் வீட்டில் கடல் யாரையும் கொண்டு போகவில்லை. அதனால்தானோ என்னவோ, அவள் வாசலுக்கு வந்து ஆறுதல் சொல்ல ஒருவரும் வரவில்லை.

வேளாங்கண்ணிக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே, சவுக்குத் தோப்புகளுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும் சின்ன ஊர் மணற்பிடாகை. அங்கே படகும் வலையும் கிடையாது. வயலை நம்பிய சனம். எங்கோ தூர தேசத்தில் கடலுக்கடியில் பூமி நடுங்கியதாம். அது இவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த மார்கழிக் காலையில், மழைத்தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் வடிகால் வழியாகக் கடலே எதிரேறி வந்தது. பால் பிடித்து நின்ற சம்பாப் பயிரைக் கழுத்தளவு முக்கியது. மறுநாள் வடிந்தபோது கறுத்த சேறும், செத்த மீனும், மூக்கைப் பிடுங்கும் நாற்றமும் மிச்சமாயின.

நிவாரண லாரிகள் ஊருக்குள் திரும்பாமல் கடற்கரைக் குப்பங்களுக்கே ஓடின. ஒருநாள் ஊரார் சாலையில் நின்று ஓர் அதிகாரியின் ஜீப்பை மறித்தார்கள்.

"உங்க ஊர்ல எத்தனை பேர் இறந்தாங்க?" என்று அவர் கேட்டார்.

"யாரும் சாகலைங்க. வயல்தாங்க மொத்தமும்..."

"வயலெல்லாம் அப்புறம் பார்ப்போம்."

ஜீப் போய்விட்டது. ஊருக்குத் தண்ணீர் முறை பார்த்துவிடும் பெரியவர் வைரக்கண்ணு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "செத்தவன் வீட்டுக்குத்தான் அரிசியாம். அம்சம், நீ ஒரு ரெண்டு நாளைக்குச் செத்துக் கிடயேன்."

"நீங்க மூத்தவங்க. முதல்ல நீங்க படுங்கண்ணே. நான் ஒப்பாரி வச்சு அரிசி வாங்கித் தாரேன்" என்றாள் அம்சம்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஊர் ஒன்றாய்க் கூடிச் சிரித்தது அதுதான் கடைசி.

அந்த வயல்கள் சும்மா வந்தவை அல்ல. ஒரு காலத்தில் முழுதும் ஒரே மிராசுதாரின் பண்ணை. உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, இல்லாத ஆட்களின் பேரிலெல்லாம் நிலத்தை எழுதி வைத்து மறைத்தார் அவர். பண்ணையாட்கள் கொடி நட்டார்கள். அடி வாங்கினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். ஓர் ஆட்சியில் பட்டா என்றார்கள். அடுத்த ஆட்சியில் கோர்ட்டுத் தடை என்றார்கள். மறுபடி ஆட்சி மாறி, ஒரு வழியாக நிலம் கைக்கு வந்தது. அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவன் அம்சத்தின் புருஷன் செல்லதுரை. போலீஸ் அடியில் ஒரு கால் சூம்பிப்போய்த் திரும்பியவன்.

நிலத்தைப் பங்கு பிரித்த நாளில் கடலோரம் இருந்த கடைசி வயலை யாரும் கேட்கவில்லை. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பள்ளம் அது. "அதை எனக்குக் குடுங்க" என்றான் செல்லதுரை. அன்றைக்கு அம்சம் அவனோடு பேசவே இல்லை. "ஊருக்கெல்லாம் நெல்லு, எனக்கு மட்டும் நண்டா?" என்று கேட்டதற்கு, "நான் கேக்காட்டி வேற எவன்டி கேப்பான்?" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்ன சமாதானம். நெஞ்சுச் சளியில் அவன் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தப் பள்ளத்து வயல்தான் அவளுக்குப் புருஷனாகவும் இருந்தது.

அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. மேல் வயலின் வரப்பை வாயாக வெட்டிவிட்டால் தண்ணீர் கீழ் வயலுக்கு இறங்கும். அந்த வாய்க்கு வாமடை என்று பேர். வந்த தண்ணீர் அப்படியே வயல் விட்டு வயலாக இறங்கி, கடைசியில் அம்சத்தின் வயலைக் கடந்து வடிகாலில் விழ வேண்டும். முன்பு வடக்கே தனியாக ஒரு வடிவாய்க்கால் இருந்தது. நிலம் கைமாறிய ஆத்திரத்தில் மிராசுதார் மக்கள் அதை மணல் கொட்டித் தூர்த்து, சவுக்கு நட்டுவிட்டார்கள். அதற்கொரு வழக்கு, வாய்தாவுக்கு மேல் வாய்தாவாகத் தஞ்சாவூருக்கும் சென்னைக்கும் நடந்துகொண்டிருந்தது. நல்ல தண்ணீர் ஓடிய காலத்தில் அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

கடல் வந்து போன பிறகுதான் அதன் விஷம் தெரிந்தது.

விவசாய அதிகாரிகள் வந்து பார்த்து வழி சொன்னார்கள். மேல்சேற்றைச் சுரண்டி அகற்ற வேண்டும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும். ஐப்பசி மழைத் தண்ணீரை வயலில் தேக்கி, கலக்கி, உப்பைக் கரைத்து வெளியே விட வேண்டும். இப்படி ஆண்டுக்கணக்கில் செய்தால் மண் திரும்பும். சொன்னது சரியான வழிதான். ஆனால் வெளியே விடுவது என்றால் எங்கே? மேல் வயலின் உப்பு அடுத்த வயலுக்கு. அதன் உப்பும் சேர்ந்து அதற்கடுத்ததற்கு. ஊரின் உப்பு மொத்தமும் அம்சத்தின் பள்ளத்துக்கு வந்து, வடிந்தது பாதி, தங்கியது பாதி.

முதல் வருஷம் எங்கும் புல்கூட முளைக்கவில்லை. இரண்டாம் வருஷம் மேட்டு வயல்களில் பயிர் நரம்பு மாதிரி மெலிந்து எழுந்தது. ஊரில் பாதி ஆண்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போனார்கள். அம்சத்தின் மகன் இராஜாங்கம் பனியன் கம்பெனிக்குப் போனான். அவள் கொழுந்தன், காத்தாயியின் புருஷன், கோழிக்கோட்டில் கான்கிரீட் போடப் போனான். காத்தாயியின் வயல் அம்சத்தின் வயலுக்கு நேர்மேலே இருந்தது. ஓர்ப்படிகள் இருவரும் ஒரே வரப்பில் கஞ்சி குடித்து, ஒரே வெயிலில் உப்புச் சுரண்டினார்கள்.

மூன்றாம் வருஷம் காத்தாயியின் வயல் மண் பிடித்துக்கொண்டது. நாற்று நட்டு, வேர் இறங்கி, பச்சை திரும்பியது. வரப்புக்கு இந்தப் பக்கம் அம்சத்தின் வயல் வெயிலில் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது, சுண்ணாம்பு அடித்த சுவர் போல.

அந்த வெள்ளையைத் தேடித்தான் சாமிதுரை மோட்டார் சைக்கிளில் வந்தான். இறால் பண்ணைக்கு நிலம் பிடித்துக் கொடுக்கும் தரகன். வாய் நிறைய முறை வைத்துக் கூப்பிடுவான்.

"அத்தை, இந்த நிலம் இனிமே உங்களுக்கு ஆகாது. இறாலுக்கு ஆகும். வடிகால் ஓரம் பாருங்க, கடத்தண்ணியை மோட்டார் வச்சு இழுக்கத் தோது."

"இழுத்தா மேல இருக்கற வயலுக்கு என்ன ஆவும் தம்பி?"

"அது அவங்க பாடு."

"கடலு ஒரு தடவைதான் வந்துச்சு. நீ தினமும் கூட்டியாரேங்கற. வண்டியை எடு."

அவன் சிரித்துக்கொண்டே போனான். இறால் பண்ணைக்காரர்கள் அவசரப்படுவதில்லை. பசி தங்களுக்காக வேலை செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். இராஜாங்கம் போனில் தினமும் அதையே சொன்னான். "குடுத்துட்டு இங்க வந்துடும்மா. அப்பாவே இல்ல, வயலு என்னத்துக்கு?" அவள் போனை வைத்துவிடுவாள்.

ஆனால் அந்த வருஷம் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். ஊர் ஊராக ஆடு ஓட்டி வரும் கீதாரியின் கையைக் காலைப் பிடித்து, எருவுக்காக வயலின் மேற்கு மூலையில் ஆட்டுக்கிடை போட வைத்தாள். குளத்து வண்டலைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து அந்த மூலையை மேடாக்கினாள். உப்பைத் தாங்கும் களர்ப்பாலை நெல் விதையை எங்கோ திருத்துறைப்பூண்டிப் பக்கம் போய் வாங்கி வந்து தெளித்தாள். ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத்தான் இருக்கும் அந்த இடம். அதில் முளை வந்தது! பச்சை, பச்சை, கண்ணைக் குளிர்விக்கும் பச்சை. அம்சம் வரப்பில் உட்கார்ந்து, பெற்ற பிள்ளையைத் தடவுவது போல் அதைத் தடவி, விம்மி விம்மி அழுதாள். அந்த நாற்றைப் பிடுங்கி நட்டால் கால்வாசி வயலாவது தேறும். கால்வாசி தேறினால் மண்ணுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை. கண்பட்டுவிடுமோ என்ற பயம்.

அப்போதுதான் ஐப்பசி மழை அடித்தது.

விடியற்காலையில் மேல் வயல்காரர்கள் வழக்கப்படி வாமடைகளைத் திறந்துவிட்டார்கள். உப்புத் தண்ணீர் வயல் வயலாக இறங்கி வந்தது. அம்சம் மண்வெட்டியோடு ஓடினாள். காத்தாயியின் வயலிலிருந்து தன் வயலுக்கு இறங்கும் வாமடையின் முன்னால் நின்றாள். திறந்திருந்தால் அந்தப் பாய் அகலப் பச்சை மூழ்கிவிடும். ஒரு கணம்தான் யோசித்தாள். சேற்றை வெட்டி, அள்ளி, மிதித்து, வாமடையை அடைத்துவிட்டாள்.

கடைமடையில் பிறந்து வளர்ந்த கை அது. தண்ணீரை அடைத்தால் பயிர் பிழைக்கும் என்றுதான் அந்தக் கைக்கு ஆயுசு முழுக்கப் பழக்கம். அடைத்த தண்ணீர் அடுத்தவள் பயிரைக் கொல்லும் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

மழை விடவில்லை. அன்றும் மறுநாளும் கொட்டியது. ஊரின் உப்பெல்லாம் காத்தாயியின் வயலில் வந்து நின்றது. போக வழியில்லாமல் முழங்கால் உயரம் நின்றது. நுனி பழுத்து, இலை சுருண்டு, வேர் பிடித்த பயிர் கருகத் தொடங்கியது.

காத்தாயி வரப்பின் மேல் வந்து நின்றாள். தலையில் யூரியாச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தாள்.

"அக்கா, வாமடையைத் தொற."

"ரெண்டு நாள் பொறுடி. மழை விடட்டும்."

"ரெண்டு நாள்ல என் பயிரு என்னாவும்? கண்ணு தெரியலையா உனக்கு?"

"என் பயிரும் இருக்குடி, அந்த மூலையில..."

காத்தாயி எட்டிப் பார்த்தாள். சிரித்தாள். அது சிரிப்பே இல்லை. "இதுவா பயிரு? ஆடு ஒரு வாய்க்கு மேயக் காணாது. இதுக்காகவா என் வயித்துல மண்ணு அள்ளிப் போடுற?"

"உங்க உப்பையெல்லாம் மூணு வருஷமா என் வயித்துலதானடி போட்டீங்க! எவளாவது ஒருத்தி கேட்டீங்களா, அம்சம் என்ன தின்னுவான்னு?"

"கேக்கறேன் இப்ப. நீ என்ன தின்னுவ? இறால்காரன் குடுத்த அச்சாரத்தைத் தின்னுவ. நான் முளைச்சு வந்தது உனக்குப் பொறுக்கல. ஊரை மூழ்கடிச்சுட்டு அவன்கிட்ட நிலத்தை வித்துட்டு, மவனோட திருப்பூருக்கு வண்டி ஏறத்தான் இந்த ஏற்பாடு!"

ஒரே சட்டியில் கஞ்சி குடித்தவள் சொல்லும் சொல்லா இது?

"ஆமாண்டி. வாங்கிட்டேன். தொறக்க மாட்டேன் போ!"

அந்தப் பொய்யைச் சொன்னவள் தன் குடிசைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரோஷம் வந்த பிறகு மனுஷிக்குக் கண்ணும் தெரிவதில்லை, காதும் கேட்பதில்லை. வைரக்கண்ணு வந்து கதவைத் தட்டினார். "தங்கச்சி, வாமடையை நானே வெட்டிவிட எனக்கு எவ்வளவு நேரம் ஆவும்? ஆனா செல்லதுரை வயல்ல உன்னைக் கேக்காம மண்வெட்டி வைக்க என் கை வராது. வெளியில வா" என்றார். அவள் கதவைத் திறக்கவில்லை. மழைச் சத்தத்தில் அவர் போனது கேட்டது.

மறுநாள் காலை மழை சற்று ஓய்ந்தபோது, மனசு கேட்காமல் அவள் வயலுக்குப் போனாள். அங்கே கண்ட காட்சியை அவள் சாகிற வரைக்கும் மறக்கப்போவதில்லை.

காத்தாயி இடுப்பளவு குனிந்து நின்று, சோறு வடிக்கும் அலுமினியப் பானையால் வயல் தண்ணீரை மொண்டு மொண்டு பக்கத்துச் சவுக்குத் தோப்புக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள். திறக்க மாட்டேன் என்று அம்சம் சொன்ன வாமடையில் கைவைக்க அவள் ரோஷமும் இடம் கொடுக்கவில்லை. ஊற்றிய தண்ணீர் மணலில் வழிந்து மறுபடி வயலுக்கே வந்தது. அவளுக்கு அது தெரிந்த மாதிரியும் இல்லை. மொண்டாள், ஊற்றினாள். மொண்டாள், ஊற்றினாள். உதடு நீலம் பாரித்திருந்தது. எத்தனை நேரமாய் அப்படி நின்றாளோ! வரப்பில் அம்சம் நிற்பதைப் பார்த்தும் பானையை நிறுத்தவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் அம்சம்.

"ஐயோ காத்தாயி!" என்று அலறிக்கொண்டு அவள் வாமடையில் விழுந்தாள். மண்வெட்டி கையில் இல்லை. விரலாலேயே கிழித்தாள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. மண் உடைந்தது. இரண்டு நாள் தேங்கிய உப்புத் தண்ணீர் சீறிக்கொண்டு அவள் வயலுக்குள் பாய்ந்தது. மேற்கு மூலையின் பச்சையை ஒரே அலையில் சாய்த்துப் போட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் நேரம் கடந்துவிட்டிருந்தது. மேல் வயல்கள் பிழைத்தன. காத்தாயியின் வயல் வெயில் அடித்த இரண்டாம் நாளில் வைக்கோலாய்ச் சாய்ந்தது. மேற்கு மூலைப் பச்சையும் போயிற்று. இருவருக்கும் ஒன்றுமில்லை.

செய்தி கேட்டு இராஜாங்கம் திருப்பூரிலிருந்து வந்தான். அவன் வந்தது தெரிந்து சாமிதுரையும் வந்தான், பத்திரக் காகிதத்தோடு. ஊரார் தூரத்தில் நின்று பார்த்தார்கள். விற்காதே என்று சொல்ல ஒருவருக்கும் வாயில்லை. மூன்று வருஷமாக அவள் வயலில் உப்பைக் கொட்டிய வாய் எப்படித் திறக்கும்?

அம்சம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள். காத்தாயியின் வாமடையிலிருந்து வடிகால் வரைக்கும், வயலின் நடுநெஞ்சைப் பிளந்து, இடுப்பு ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டத் தொடங்கினாள். மேடாக்கிய மூலையையும் விடவில்லை. அந்த வண்டலை வெட்டி இரண்டு கரையிலும் போட்டாள்.

"அம்மா, உனக்குப் பைத்தியமா? வெட்டிப்புட்டா எவன் வாங்குவான்?" என்று இராஜாங்கம் கத்தினான்.

"யாரும் வாங்கக் கூடாதுன்னுதான்டா வெட்டுறேன்."

"அத்தை, கொஞ்சம் நிதானமா..." என்றான் சாமிதுரை.

"தம்பி, இது இனிமே வயலு இல்ல. ஊரு வடிகாலு. ஊரு வடிகாலை அத்தை விக்க முடியாது."

வைரக்கண்ணுவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "அம்சம்! அவன் ரத்தம் சிந்தி வாங்கின நிலம்மா!"

"அவரு எதுக்காக இந்தப் பள்ளத்தைக் கேட்டாருன்னு எனக்கு இத்தனை வருஷம் தெரியலண்ணே. இதை ஊரு பேருல எழுதிக்குங்க. இனிமே உப்பு எவ வயல்லயும் நிக்க வேணாம்."

அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் இறங்கினார், பிறகு இன்னொருவர். இராஜாங்கமும் சட்டையைக் கழற்றினான். காத்தாயி மட்டும் வரவில்லை.

தை பிறந்தது. கடல் வந்து போன பிறகு முதல் தடவையாக மணற்பிடாகையின் மேல் வயல்கள் மஞ்சளாய்ச் சாய்ந்தன. அம்சம் அரிவாளோடு அறுப்புக்குப் போனாள், கூலிக்கு. எந்த நிலை வேண்டாமென்று அவள் புருஷன் காலைக் கொடுத்தானோ, அதே நிலைக்கு. சம்பளம் வாங்கினாள், சிரித்துப் பேசினாள், யாரும் தன்னைப் பார்த்துப் பரிதாபப்பட இடம் கொடுக்கவில்லை.

களத்தில் நெல் தூற்றிக் குவித்த அன்று வைரக்கண்ணு மரக்காலை எடுத்தார். ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு மரக்கால் அளந்து தனியே குவித்தார். "இது வடிகாலுக்கு. ஊரு முடிவு பண்ணிருக்கு. அம்சம், ஏந்திக்க."

பண்ணைக் காலத்தில் பெண்கள் களத்தோரம் வரிசையாக நின்று முந்தானையை ஏந்துவார்கள். மிராசுதாரின் காரியக்காரர் தூசும் பதருமாகப் போடுவார். அம்சமும் சின்ன வயதில் அப்படி நின்றவள். இந்த மண்ணில் கொடி நட்டதே அந்த முந்தானை மறுபடி விரியக் கூடாது என்றுதான். அவளுக்கு உடம்பு கூசியது. "வேண்டாம்" என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் அவள் பார்த்தாள். அறுத்து முடித்த வயலில் ஒருத்தி தனியாகக் குனிந்து, உதிர்ந்த கதிர்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். காத்தாயி. நிலமுள்ள குடியானவள் யாரும் செய்யாத வேலை. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், அவசர அவசரமாக.

அம்சம் களத்தின் நடுவுக்கு வந்து முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

"போடுங்கண்ணே."

"தங்கச்சி..."

"போடுங்க. கையி கடுக்குது."

நெல் விழுந்தது. புடவை கனத்தது. தோளைக் கிழிக்கும் அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டு, ஊர் முழுதும் பார்க்க, அவள் வரப்பில் இறங்கி நடந்தாள். காத்தாயியின் எதிரே போய் நின்றாள்.

"கூடையை நீட்டு."

"உன் நெல்லு எனக்கு எதுக்கு?"

"என் நெல்லு உப்போட போச்சுடி. இது நான் அழிச்ச உன் பயிரு."

"இந்தப் பிச்சையை வாங்கித்தான் என் பயிரைத் திருப்புறியா? ஊரே பாக்குது, வெக்கமா இல்ல உனக்கு?"

"இருக்கு. அதுக்காகப் பட்டினி கிடந்து நீயும் உன் புள்ளைங்களும் சாவணுமா?"

காத்தாயி கூடையை நீட்டவுமில்லை, இழுத்துக்கொள்ளவுமில்லை. அப்படியே நின்றாள். அம்சம் குனிந்து, பொறுக்கிய கதிர்களின் மேல் நெல்லைக் கொட்டினாள். கூடை நிறைந்து தரையிலும் சிந்தியது. சிந்தியதை எடுக்க இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை.

கிழக்கு வயலில் அறுப்புக்கு ஆள் போதவில்லை என்று யாரோ கூவினார்கள். அம்சம் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, அரிவாளை எடுத்து, கூலிக்கு நடந்தாள். வெகுதூரம் இடைவெளி விட்டு, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, காத்தாயியும் வந்தாள்.